ஷெட்டுக்குள் ஓடிய பாலாறு

படகு தண்ணீரில் இல்லை. ஒரு ஷெட்டுக்குள், இரண்டு மரத் தாங்கிகளின் மேல் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. நான் அதன் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் கணவருடைய கோட்டு, அதற்கும் மேல் ஒரு கம்பளி, தலையில் குரங்குக் குல்லா. மடியில் துடுப்பு. மூச்சு விட்டால் புகை வருகிறது.

வெளியே மைனஸ் முப்பது. ஷெட்டுக்குள்ளும் குளிர் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. துடுப்பை எடுத்து, வலப்பக்கக் காற்றில் அமிழ்த்தி, நிதானமாகப் பின்னால் இழுக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. மாதனூர் தாண்டியாகிவிட்டது.

அப்போது கதவு திறந்தது. ஷெட்டுக்கும் படகுக்கும் சொந்தக்காரி லிண்டா நின்றிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், என் வயதுதான். துடுப்பைத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது எனக்கு.

"எங்கே போய்க்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டாள்.

என்னுடைய ஷூ கம்பெனி ஆங்கிலத்தில், "பள்ளிகொண்டா" என்றேன்.

"எப்போது போய்ச் சேருவாய்?"

"இதே வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமை."

அவள் தலையாட்டினாள். குளிர்காற்று உள்ளே புகுந்துவிடாதபடி கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள். சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

தண்ணீருக்குச் சம்பந்தமில்லாதவள்

இந்தத் தொடரை நடுவில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக இரண்டு வரி. நான் குடியாத்தம் பெண். வீட்டில் லுங்கித் தறி. கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்து, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். என் கணவர் தயாளன் தோல் பதனிடும் ஷாப்பில், தோலுக்குக் கடைசி மெருகேற்றும் ஃபினிஷிங் வேலை பார்ப்பவர். கனடாவின் வடக்கில், ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில், கையுறைத் தோல் செய்யும் தொழிற்சாலை அவரை ஒரு வருஷத்துக்குக் கூப்பிட்டது. மகள் ஹாஸ்டலில் இருந்தாள். நானும் போனேன்.

எனக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே கிடையாது. நீச்சல் தெரியாது. ஆறு என்றால் எனக்குத் தெரிந்தது பஸ் பாலத்தில் ஏறும்போது கீழே தெரியும் மணல். பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்க்கும். நானும் அப்படிப் பார்த்தவள்தான்.

அங்கே போன முதல் மாதம், பக்கத்து வீட்டு லிண்டா, "வருகிறாயா?" என்று கேட்டாள். கனோ என்று சொல்லும் படகு, இரண்டு முனையும் கூராக, அவரைக்காய் மாதிரி ஒல்லியாக இருக்கும். தவழ்ந்துதான் ஏறினேன். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியதில் மூச்சு முட்டியது. பத்து நிமிஷம் கழித்து, துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது நுனியிலிருந்து சொட்டிய சொட்டுகள் ஏரியில் சின்னச் சின்ன வட்டம் போட்டுக்கொண்டு பின்னால் போயின. படகு சத்தமே இல்லாமல் போனது. இருபது வருஷம் தையல் மெஷின் சத்தத்தில் இருந்த காது அது.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது? கோடை முழுக்க வாரத்தில் நான்கு நாள் லிண்டாவுடன் போனேன். தயாளன் கரையில் நின்று போட்டோ எடுப்பார். ஏறமாட்டார். "கரையில ஒரு ஆள் வேணும்ல" என்பார். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம், அதை ஒத்துக்கொள்வதற்கு அதைவிடப் பயம்.

ஏரி நடுவில் ஒரு தீவு. தீவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், பாறையும் மூன்று பைன் மரமும்தான். ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் தனியாக அதுவரை துடுப்புப் போட்டுப் போய்வர வேண்டும் என்று ஆசை. "நீ தயாரானதும் படகு உன்னுடையது" என்று லிண்டா சொன்னாள். நான் தயாரானபோது இலையுதிர்காலக் காற்று ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது.

ஏரி மூடிய நாள்

ஒரு காலையில் எழுந்து பார்த்தால் ஏரி அசையவில்லை. அவ்வளவுதான்.

குளிர் எப்படிப்பட்டது என்று பலர் கேட்கிறீர்கள். மூக்கு மயிர் உள்ளுக்குள் விறைத்துக் குத்தும். கதவுப் பிடியை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். சூரியன் காலை ஒன்பது மணிக்கு வேண்டாவெறுப்பாக வந்து, நாலு மணிக்கு ஓடிவிடும். மிளகு ரசம் வைத்து டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பேன், குடிக்க அல்ல.

உறைந்த ஏரியின் மேல் ஜனங்கள் நடந்தார்கள். வண்டிகூட ஓட்டினார்கள். தயாளன் அப்போது மட்டும் தைரியமாக இறங்கி நடந்து, என்னையும் கூப்பிட்டார். எனக்குக் கால் வரவில்லை. தூங்குகிற ஆளை மிதிப்பது போல இருந்தது.

லிண்டாவிடம் பனி எப்போது உடையும் என்று கேட்டேன். மே மாதம் முதல் வாரம் என்றாள். எங்கள் டிக்கெட் ஏப்ரல் கடைசி. அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை ஒரு படகுக்காக அழுதேன் என்று எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுதேன்.

"சீக்கிரம் உடையும் வருஷமும் உண்டு" என்று சொல்லி, லிண்டா ஷெட் சாவியைக் கையில் கொடுத்தாள். தோள் மறந்துபோகாமல் இருக்க, படகில் உட்கார்ந்து தினமும் கொஞ்சம் துடுப்புப் போடச் சொன்னாள்.

இன்னைக்கு எது வரைக்கும்?

முதல் நாள் சுவரைப் பார்த்துத் துடுப்புப் போட்டேன். சுவரில் ரம்பமும் டயரும் மாட்டியிருந்தது. பேஜாராக இருந்தது. இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் கனடா ஏரி வரவில்லை, பாலாறு வந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு கரையும் முட்ட, நான் ஒருநாளும் பார்க்காத அளவு தண்ணீரோடு வந்தது.

சரி என்று வாணியம்பாடியில் படகை விட்டேன். ஒரு நாளைக்குக் கொஞ்ச தூரம். பஸ்ஸிலிருந்து பார்த்த ஊரையெல்லாம் ஆற்றிலிருந்து பார்த்துக்கொண்டு போனேன். தோல் ஷாப்புகளின் பின்பக்கம், தென்னந்தோப்பு, ரயில் போகும் சத்தம். ஆம்பூர் வந்தபோது பிரியாணி அண்டாக்களின் வாசனை தண்ணீர் மேலாக வந்தது என்றால் நம்புவீர்களா? அந்த ஷெட்டில், அந்தக் குளிரில், வந்தது.

நான் துடுப்புப் போடும் காலை வேளையில் ஆம்பூரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். தங்கை சாந்தி போன் பண்ணுவாள். அவளும் ஷூ கம்பெனிதான்.

"இன்னாக்கா பண்ற?"

"ஆம்பூர் பாலத்துக்குக் கீழ இருக்கேன்."

"யக்கா, உனக்குக் குளிர் ஜாஸ்தி ஆயிடுச்சு. மாமா கிட்ட போனக் குடு."

அவளுக்கு விவரம் சொன்னேன். ஒரு வாரம் கிண்டல் பண்ணினாள். அப்புறம் அவளே, வேலை விட்டு வரும்போது ஆற்றங்கரையில் நின்று பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "தண்ணி ஒரு சொட்டு இல்லக்கா, முள்ளுச் செடிதான். நீ மாதனூர் போறதுக்கு முன்னாடி பாறையா வரும். எடது பக்கமா ஒதுங்கிப் போ." பொங்கலன்று கூப்பிட்டு, முதலில் கேட்டதே படகு எங்கே நிற்கிறது என்றுதான்.

தயாளன் வேலையிலிருந்து வந்து, பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டே கேட்பார்: "இன்னைக்கு எது வரைக்கும்?" ஊர்ப் பெயரைச் சொல்வேன். "பரவாயில்லையே" என்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த பெரிய பேச்சு அதுதான்.

பள்ளிகொண்டாவுக்கு வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். படகை நிறுத்தி, படுத்திருக்கும் ரங்கநாதரைக் கரையிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். அவரும் குளிருக்கு எழுந்திருக்க மனமில்லாமல் படுத்திருக்கிறார் என்று தோன்றியது.

ஆம்பூர்க்காரி செய்த தப்பு

அந்தப் படகின் இரண்டு இருக்கைகளும் தோல். பதனிடாத மாட்டுத் தோலை வார் வாராக அறுத்து, ஈரத்தோடு மரச்சட்டத்தில் கயிற்றுக் கட்டில் மாதிரி பின்னியிருந்தது. பின்னியவர் லிண்டாவின் கணவர் ராய். அவர் இறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. மேலே பூசிய வார்னிஷ் வெடித்து, தோல் வறண்டு கிடந்தது.

வறண்ட தோலைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. தயாளனிடம் சொன்னேன். அவர் தொழிற்சாலையில் கேட்டு ஒரு பாட்டில் மீன் எண்ணெய் வாங்கி வந்தார். "லேசா சுட வச்சி ரெண்டு கோட்டு குடு. நல்லா உள்ள எறங்கட்டும்" என்று யோசனையும் சொன்னார். சாவி கொடுத்தவளுக்கு நன்றிக்கடனாக நினைத்து, இரண்டு கோட்டுக்கு மூன்று கோட்டாகத் தேய்த்தேன். தோல் பளபளவென்று உயிர் வந்ததுபோல் ஆனது.

வெளியூர்க்காரர்கள் ஆம்பூர் வந்தால் தோல் ஷாப் வாடைக்குப் பஸ் ஜன்னலைச் சாத்திக் கர்ச்சீப்பை எடுப்பார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து, இல்லை கல்யாணமானதிலிருந்து, அந்த வாடையிலேயே இருக்கும் மூக்கு. அந்த ஷெட்டே மீன் நாற்றம் எடுத்திருக்கிறது. தயாளன் வந்து பார்த்து, "சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மூக்கில் ஒரு மூக்குகூட எச்சரிக்கவில்லை.

அடுத்த நாளே பனிப்புயல். பத்து நாள் கதவைத் திறக்க முடியவில்லை. பிறகு வெயில் அடித்தது. பள்ளிகொண்டாவிலிருந்து கிளம்பி விரிஞ்சிபுரம் போகலாம் என்று சந்தோஷமாக ஷெட்டைத் திறந்தேன்.

முன் இருக்கை இல்லை. சட்டம் மட்டும் இருந்தது. ஓரத்தில் நாலைந்து துண்டு தோல் தொங்கியது. பின் இருக்கையில் பாதி. படகு முழுக்க எலிப் புழுக்கை. குளிர்காலம் பூராவும் பட்டினி கிடந்த எலிகளுக்கு நான் மூன்று கோட்டு மீன் எண்ணெய் தடவி விருந்து வைத்திருக்கிறேன்.

லிண்டாவைக் கூட்டி வந்து காட்டினேன். என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தொங்கிய ஒரு துண்டை விரலில் சுற்றினாள். ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம். எங்கள் தெருவாக இருந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி திட்டியிருப்பார்கள், மறுநாள் குழம்பும் கொடுத்திருப்பார்கள். இந்த மௌனம் என்னைக் கொன்றது. சாவியை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். தீவு போனால் போகட்டும், செத்துப்போன மனுஷன் கையால் கட்டியதை அழித்துவிட்டேனே என்றுதான் இருந்தது.

மூன்று லுங்கி

நான்காம் நாள் தயாளன் சொன்னார், "கடையில பிளாஸ்டிக் சீட்டு கெடைக்குதாம். வாங்கிக் குடுத்துடலாமா?"

"அது சீட்டு. ராய் கட்டினது சீட்டு இல்ல" என்று சிடுசிடுத்தேன். பாவம், அவர் மேல் ஏன் பாய்ந்தேனோ.

லிண்டா வீட்டுக்குப் போய், இரண்டு சட்டங்களையும் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து அவளே கழற்றிக் கொடுத்தாள்.

மறுபடியும் தோலைக் கட்ட மனம் துணியவில்லை. நூல் எனக்குத் தெரியும். பாவும் ஊடையும் நடந்து பழகும் முன்பே தெரியும். தயாளன் ஊரிலிருந்து கொண்டுவந்த குடியாத்தம் லுங்கி ஆறு இருந்தது. மூன்றை எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, முறுக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பின்னினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்பது நாள். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

"செல்வி, அந்த ஊதாக் கட்டம் போட்ட லுங்கி எங்க?"

"அது படகுல ஏறிடுச்சு."

"நான் ஏறல, என் லுங்கி ஏறிடுச்சா" என்றார்.

சட்டங்களை எடுத்துக்கொண்டு போனேன். லிண்டா முன் இருக்கையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து, அதன் மேல் உட்கார்ந்து பார்த்தாள். லேசாகக் குதித்தாள். அசையாமல் இருந்தாள்.

"ராய் கட்டியது தொடையில் குத்தும்" என்றாள். "பதினோரு வருஷம் குத்தியது. எவ்வளவு பெருமையாக இருந்தார் தெரியுமா? நான் ஒரு தடவைகூட அவரிடம் சொல்லவில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். பிறகு சாவியை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டாள்.

கடைத் தெரு அகலம்

மார்ச் போனது. ஏப்ரலும் ஓடியது. ஏரி வெள்ளையிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து கறுத்தது. தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். ஷெட்டுக்குப் போகவில்லை. பாலாறு விரிஞ்சிபுரத்துக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தது. நிஜத் தண்ணீர் வரப்போகிறது என்று மனசு அங்கேயே கிடந்தது.

திங்கட்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை காலை, கரையை ஒட்டி மட்டும் பனி விலகியிருந்தது. ஆம்பூர்க் கடைத் தெரு அகலத்துக்கு ஒரு தண்ணீர்ப் பாதை. அதற்கு அப்பால் பனி. பனிக்கு நடுவில் என் தீவு, மூன்று மரத்தோடு.

லிண்டா படகைக் கொண்டுவந்து இறக்கினாள். "தீவு முடியாது. கரையை ஒட்டி மட்டும். இந்தத் தண்ணீரில் விழுந்தால் உடம்பு கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதனால் கயிறு கட்டுவேன்" என்றாள். ஒரு முனையைப் படகில் கட்டி, மறு முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். மேய்ச்சலுக்கு விட்ட கன்றுக்குட்டி ஆகிவிட்டேன். பரவாயில்லை, தனியாகவாவது போகிறேனே என்று நினைத்தேன்.

அப்போது தயாளன் ஷூவைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றார்.

"நீங்க எதுக்கு?" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தது தனியாகப் போகத்தானே?

"தெனம் எது வரைக்கும், எது வரைக்கும்னு கேட்டுக்கினே இருந்தேன். ஒரு நாளாச்சும் கூட வந்து பாக்கறேன்" என்றார்.

முன் இருக்கையில் தன் ஊதாக் கட்ட லுங்கியின் மேல் உட்கார்ந்தார். படகு ஆடியது. இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அவருடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அது விறைத்திருந்தது. காது நுனி சிவந்திருந்தது. தோலை ஊறவைக்கும் இரண்டாள் உயர டிரம் சுற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கிற மனுஷன், உள்ளூர நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

துடுப்பை அமிழ்த்தினேன். எதிர்த்துத் தள்ளியது தண்ணீர். குளிர்காலத்தில் காற்றைத் தள்ளிய கைக்கு அது போதும். படகு நகர்ந்தது. எங்கள் அலை போய்ப் பனியின் ஓரத்தில் பட, அது உடைந்து ஊசி ஊசியாக ஒன்றோடொன்று மோதியது. கண்ணாடி வளையல் சத்தம். கரையில் லிண்டா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள்.

ஒரு பாறை வந்தது. தண்ணீர் அங்கே முடிந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தீவைப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

தயாளன் திரும்பாமலே கேட்டார், "இது எது வரைக்கும் செல்வி?"

"விரிஞ்சிபுரம் தாண்டிட்டோம்" என்றேன்.

பாலத்தின் மேல்

நாங்கள் ஊர் வந்து எட்டாம் நாள் லிண்டா ஒரு படம் அனுப்பினாள். ஏரி முழுக்க நீலம். தீவுப் பாறையில் படகு ஒதுங்கியிருந்தது. முன் இருக்கை காலி. ஊதாக் கட்டம் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் வந்தது பொறாமை. சந்தோஷம் மறுநாள் வந்தது.

இப்போது ஆம்பூரில் மார்கழி. அரிசி வாங்கப் போனால், காதில் மஃப்ளர் சுற்றிய கடைக்காரர், "உங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரா" என்கிறார். சாயங்காலம் பாலத்தில் கொஞ்ச நேரம் நிற்பது வழக்கமாகிவிட்டது. மழை பெய்ததில் மணலின் ஒரு ஓரமாக மெல்லிய தண்ணீர் ஓடுகிறது. கொக்கு நிற்கலாம், படகு நிற்காது. கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் இப்போது பாலாறு வருவதில்லை.

நேற்று வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. தயாளன் டீ போட்டு வைத்திருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"இன்னைக்கு எது வரைக்கும்?"

"தீவு வரைக்கும்."

டம்ளரை நீட்டியவர் கை அப்படியே நின்றது. "தனியாவா?"

டீயை வாங்கி ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை கம்மி.

"எங்க தனியா போறது? முன்னாடி நீங்க உக்காந்துக்கினு இருந்தீங்க" என்றேன்.